வலக்கைக் காப்பு: ஒரு பதிப்பாளரின் அடையாள அணி உருவான விதம்

பின்னணி

சென்னையில் சிறு பதிப்பகம் ஒன்றை நடத்தும் பெண்மணி அவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பெயரைச் சொல்லப் போவதில்லை. பதிப்பாளர் என்றே குறிப்பிடுகிறேன். நூல் வெளியீடு, இணைய நேர்காணல், ஜனவரியில் புத்தகக் காட்சி என்று ஆண்டின் பாதி நாட்கள் பலர் பார்வையில் கழியும் வாழ்க்கை. கைத்தறிப் பருத்திச் சேலைகளைத் தவிர வேறெதுவும் உடுத்தமாட்டார். காதில் சிறிய தோடு, கழுத்தில் தாலிச் சரடு, கைக்கு இரண்டிரண்டு தங்க வளையல்.

உடை ஆலோசகர் என்ற முறையில் என்னிடம் வந்தபோது அவர் கையில் ஒரு பித்தளைக் காப்பு இருந்தது. கைவினைக் கண்காட்சியில் வாங்கியது. தகட்டை ஒரு பக்கமாக மடித்து விட்டது போன்ற வடிவம். நகை என்பதைவிடச் சிற்பம் என்று சொல்லத் தோன்றும். 6.5 செ.மீ அகலம், 120 கிராம் எடை. வாங்கி ஓராண்டாகியும் பத்து முறைகூட அணிந்திருக்கவில்லை. "இதற்கு எந்தச் சேலை பொருந்தும் என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

அவர் தேவை நியாயமானது. காலையில் எதைப் பூட்டுவது என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. ஒரே ஒரு பொருள், எப்போதும் அதுவே, அது இருந்தால் போதும் என்ற நிலை அவருக்கு வேண்டியிருந்தது. ஆனால் கேள்வியைச் சேலையிலிருந்து தொடங்கியதால்தான் ஓராண்டாக விடை கிடைக்கவில்லை என்பது அவர் காப்பைப் பூட்டிய விதத்தைப் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. இரு முனைகளையும் விரலால் இழுத்து விரித்து, மேலிருந்து மணிக்கட்டில் அமுக்கினார். கழற்றும்போதும் அப்படியே. மடிப்பின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் தொடங்கியிருந்தது.

திறந்த காப்பை அப்படிப் பூட்டக்கூடாது. மணிக்கட்டின் உட்பக்கம், எலும்பு மெலிந்து சதையிருக்கும் இடத்தில் ஒரு முனையை வைத்து, பக்கவாட்டில் வழுக்கி ஏற்றி, பிறகு திருப்பிவிட வேண்டும். விரித்து விரித்து மூடினால் உலோகம் அந்த இடத்தில் இறுகி, மொறுமொறுத்து, ஒருநாள் பிளந்துவிடும். கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை.

கண்டவை

அவருடைய பழைய மேடைப் பதிவுகளைக் கேட்டு வாங்கினேன். முதலில் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்; பிறகு திரையைப் பார்க்காமல் கேட்க மட்டும் செய்தேன். இந்த வேலைக்கு இது நல்ல பழக்கம். கண்ணும் காதும் சேர்ந்திருக்கும்போது ஒன்றின் குறையை மற்றொன்று மூடி மறைத்துவிடுகிறது.

ஒலியில்லாமல் பார்த்தபோது, காப்பு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அதை இடக்கையில் அணிந்திருந்தார். மடிப்பு வைத்துக் குத்தாமல் ஒற்றையாக விட்ட முந்தானை, இடது தோளிலிருந்து வழிந்து முன்கையைப் போர்த்தியிருந்தது. 120 கிராம் பித்தளையும் துணிக்குள். எப்போதாவது வெளிப்பட்டபோது அதன் கூர்ந்த ஓரம் சேலை இழையைப் பிடித்து இழுத்தது. அவர் பேச்சுக்கிடையில் வலக்கையால் அதை விடுவித்துக்கொண்டிருந்தார். ஒரு பதிவில் இதையே நான்கைந்து முறை செய்கிறார். பார்ப்பவர் மனத்தில் தங்குவது காப்பு அல்ல, அந்தத் தவிப்பு.

கேட்டபோது தெரிந்தது வேறு. காப்போடு வளையல்களும் அதே கையில் இருந்ததால் ஒவ்வொரு அசைவுக்கும் 'கிணுக்', கையை மேசையில் வைத்தால் 'ணங்'. சட்டைப் பித்தான் அளவுள்ள ஒலிவாங்கியை நெஞ்சருகே குத்தியிருந்த நேர்காணலில் அது பேச்சுக்கு மேலாகக் கேட்டது. ஒலிப்பதிவாளர் எப்படிப் பொறுத்துக்கொண்டார் என்பது வியப்பு.

அடுத்து, கையையே பார்த்தேன். மணிக்கட்டின் சுற்றளவு 15.5 செ.மீ. சுண்டுவிரல் பக்கத்து எலும்பு நன்றாகப் புடைத்திருந்தது. காப்பு இருபுறமும் ஒரே மாதிரி வளைந்தது. அகலமும் எங்கும் ஒன்றே. ஆகவே அது அந்தப் புடைப்பின் மேல் ஏறி நிற்க வேண்டும், அல்லது சரிந்து புறங்கையில் விழ வேண்டும். இரண்டும் நடந்தன. எலும்பின் மேல் சிவந்த தடம். அதைச் சுற்றிப் பச்சைக் கறை. அது பித்தளையிலுள்ள செம்பு வியர்வையோடு சேர்ந்து விட்ட கறை, கழுவினால் போய்விடும், தீங்கில்லை. ஆனால் அவர் அதை ஒவ்வாமை என்று நினைத்திருந்தார். காரணம் கேட்டால், முன்பொரு முறை ஜெர்மன் சில்வர் வளையல் போட்டுத் தோல் தடித்து நீர் கோத்ததாம். அந்த உலோகத்தில் பெயருக்குக்கூட வெள்ளி இல்லை. செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். நிக்கல் ஒத்துக்கொள்ளாத தோலுக்கு அது ஆகாது. பருத்திச் சேலைக்கு ஜெர்மன் சில்வர் என்று ஒரு மோஸ்தர் பரவிக் கிடக்கும் நாளில் இதைச் சொல்லிவைப்பது நல்லது. பித்தளைக் காப்பை நிக்கல் கண்டறியும் கரைசல் தொட்ட பஞ்சால் துடைத்துப் பார்த்தோம். பஞ்சு இளஞ்சிவப்பாக மாறவில்லை. கறை வேறு, ஒவ்வாமை வேறு என்பது அவருக்கு உறுதியானது.

எந்தக் கை

வழக்கமான அறிவுரை, 'அதிகம் வேலை செய்யாத கையில் அணியுங்கள்' என்பது. இவர் வலக்கைப் பழக்கம் உள்ளவர், ஆகவே இடக்கை. ஆனால் சேலை கட்டுபவரின் இடக்கை ஓய்வாக இருக்கும் கை அல்ல, முந்தானைக்கு உரிய கை. புத்தகத்தில் கையெழுத்திடும்போது பக்கத்தை அழுத்திப் பிடிப்பதும் அந்தக் கைதான்.

வலக்கையை வைத்துப் பார்த்தால் கணக்கு மாறியது. மேடையில் ஒலிவாங்கியைப் பிடிப்பது வலக்கை. பிடித்த கை முகத்துக்கு அருகே உயர்ந்து நிற்கும். நிழற்படம் எடுப்பவர் எப்படி எடுத்தாலும் முகமும் மணிக்கட்டும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடும். மேடையில் பேசும் ஒருவருக்கு இதைவிட நல்ல இடம் காப்புக்குக் கிடைக்காது. எழுதும்போது மேசையில் இடிக்கும் என்ற ஒரே எதிர்வாதத்தைக் காப்பின் வடிவத்தால் தீர்க்கலாம் என்று தோன்றியது. வலக்கை என்று முடிவு செய்தோம்.

முடிவு செய்த பிறகு அந்தப் பித்தளைக் காப்பையே வலக்கையில் பூட்டி ஓர் அலுவலக நாள் முழுக்க இருந்து பார்க்கச் சொன்னேன். மாலையில் அவர் அனுப்பிய படத்தில் காப்பு இல்லை, புத்தகம்தான் இருந்தது. அட்டை மேட் லேமினேஷன் செய்தது; கறுப்புப் பின்னணி. அதன் குறுக்கே மூன்று வெள்ளைக் கீறல்கள். மங்கலான மேற்பூச்சுள்ள அட்டையில் நகம் பட்டாலே தடம் விழும். பித்தளை ஓரம் சும்மா விடுமா? புத்தகம் விற்கிற கையில் புத்தகத்தைக் கீறும் நகை. அந்தக் காப்பின் கதை அத்துடன் முடிந்தது. புதிதாகச் செய்வதென்று தீர்மானித்தோம்.

அகற்றியவையும் வீட்டார் சொன்னதும்

புதிய காப்பு வருவதற்கு முன்பே கைகளைக் காலி செய்ய வேண்டியிருந்தது. வலக்கை வளையல்கள் கழன்றால்தான் சத்தம் நிற்கும். இடக்கையில் வளையலோடு கைக்கடிகாரமும் இருந்தது. மூன்று பொருள்கள் போட்டியிட்டால் எதுவும் அடையாளமாகாது. அழகுக் குறிப்பு எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் 'மற்ற கையை வெறுமையாக விடுங்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எழுதுவது எளிது. தமிழ் வீட்டில் சுமங்கலிப் பெண் வெறுங்கையோடு கூடத்துக்கு வரட்டும், பார்க்கலாம்.

மாமியார் எண்பதை நெருங்குபவர். அவர் மூன்று மறுப்புகளைச் சொன்னார். கை மூளியாக இருக்கக்கூடாது என்பது முதலாவது. வெள்ளி காலுக்கு, தங்கம் கைக்கு என்பது இரண்டாவது. மூன்றாவது சுவையானது: "ஒற்றைக் காப்பு ஆண்பிள்ளை போடுவதடி. பெண்ணுக்கு எதையும் ஜோடியாகத்தான் போட வேண்டும்."

பதிப்பாளர் தொல்லியல் நூல்களும் பதிப்பிப்பவர். மொகஞ்சதாரோவில் 1926-இல் கிடைத்த வெண்கல நடனப் பெண்ணின் படத்தை எடுத்துக் காட்டினார். இடக்கையில் தோள்வரை அடுக்கடுக்காக வளையல். வலக்கையில் நான்கே நான்கு. "பாருங்கள் அத்தை, நாலாயிரம் வருஷத்துக்கு மேலாயிற்று, இவளுக்கு இரண்டு கையும் ஒன்றாகவா இருக்கிறது?" மாமியார் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்துவிட்டு, "இவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று உனக்கு யார் சொன்னது?" என்று திருப்பிக் கேட்டாராம். அந்தக் கேள்விக்கு என்னிடமும் விடை இல்லை.

வீட்டுப் பெரியவர் சொல்வதை மீறுவதா விடுவதா என்று நான் இதைப் பார்க்கவில்லை. அது ஒரு வரம்பு, அவ்வளவுதான்; அளவு, எடை போல அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு வேலை செய்தால் போதும். கடிகாரம் போனது, நேரம் பார்க்கக் கைப்பேசி இருக்கிறது. இடக்கையில், திருமணத்தின்போது மாமியாரே போட்ட பழைய தங்க வளையல் ஒன்று மட்டும் நிலையாக இருக்கும். வலக்கையில் காப்பு. கை மூளி இல்லை, தங்கமும் இருக்கிறது. வெள்ளியைப் பற்றிய மறுப்புக்கு விடை அவருடைய பேச்சிலேயே கிடைத்தது: பேரனுக்குத் தொட்டிலிட்டபோது கைக்கு வெள்ளிக் காப்பு வாங்கிப் போட்டவர் அவரேதான்.

ஏன் வெள்ளி

தங்கத்தில் செய்யலாமே என்று பதிப்பாளரின் கணவர் கேட்டார். நாங்கள் திட்டமிட்ட அளவில் அது சுமார் பதினொரு பவுன் பிடிக்கும். பதினொரு பவுன் தங்கம் மேடையேறினால் பார்ப்பவர் கண் வடிவத்தைப் பார்க்காது, மதிப்புப் போடும். தவிர, இவர் மின்சார ரயிலில் போய் வருகிறவர். அலுமினியம் மிக இலேசு. அதே பருமனுக்குப் பித்தளையின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஆனால் கையில் இருப்பதாகவே தோன்றாத அளவு இலேசு அது. பூட்டிப் பார்த்த உடனே அவர் வேண்டாம் என்றார். கடைசியில் தேர்ந்தது 92.5 விழுக்காடு வெள்ளி, மீதி செம்பு. வெள்ளி மட்டும் என்றால் மிக மெத்து. செம்பு சேர்வதால் வடிவம் நிற்கும், நிக்கலும் இல்லை.

காப்பு உருவானது

சேலம் கொலுசுப் பட்டறைகளில் கை பழகி, இப்போது சென்னையில் தனியாக வெள்ளி வேலை செய்யும் ஆசாரி ஒருவரிடம் போனோம். வடிவத்துக்குப் பதிப்பாளர் கொண்டுவந்த படம், இத்தாலிய வடிவமைப்பாளர் எல்சா பெரெட்டி 1970-இல் உருவாக்கிய எலும்பு வடிவக் காப்பு. அதை அப்படியே செய்யச் சொல்வது திருட்டு என்பதில் நாங்கள் இருவரும் ஒத்துப்போனோம். ஆனால் அதிலிருந்து கற்க ஒன்று இருந்தது. அந்தக் காப்பு இடக்கைக்குத் தனி, வலக்கைக்குத் தனி. மணிக்கட்டு எலும்பின் புடைப்புக்கு ஏற்ப உலோகமும் புடைத்திருக்கும். சிற்பம் போல் தோன்றும் அந்த வளைவு அழகுக்காக மட்டும் வந்ததல்ல, உடம்புக்கு இடம் விட்டதால் வந்தது. சிற்ப நகை என்ற பெயரில் கடைகளில் விற்பவற்றில் பெரும்பாலானவை இந்தப் பாடத்தைக் கேட்காமல் பிறந்தவை.

முதல் மாதிரியை உலோகத்தில் செய்யவில்லை. பதிப்பாளரின் அலுவலகத்தில் தாராளமாகக் கிடைக்கும் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டையை வெட்டி, கையில் சுற்றி, பேனாவால் எலும்பு வரும் இடத்தைக் குறித்தோம். மேலே 4.2 செ.மீ, முனைகளில் 1.8 செ.மீ என்று அகலம் குறுகிக்கொண்டே போனது. எழுதும் கை மேசையில் படியும் அடிப்பக்கத்தில் பொருள் குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காக அந்தக் குறுகல். காப்பின் வாயும், அதாவது இரு முனைகளுக்கும் இடையிலான திறப்பும், அங்கேதான் வரும்.

அட்டையைப் பார்த்த ஆசாரி சொன்ன முதல் வார்த்தை, "மேலே கனம், கீழே இலேசு. சுத்திக்கிட்டுக் கீழே வந்துடும்மா." சரியான கேள்வி. தலை கனத்த காப்பு மணிக்கட்டைச் சுற்றிக் கவிழ்ந்துவிடும்; சிற்பம் உள்ளங்கைப் பக்கம் போய்விடும். அவரே தீர்வும் சொன்னார். மணிக்கட்டு வட்டமல்ல, நீள்வட்டம். காப்பின் உட்புறமும் அந்த நீள்வட்டத்தில் நெருங்கி இருந்தால் அது சுற்றாது. வட்ட உருளையில் அடித்து வளைத்த காப்புகள்தான் சுற்றுகின்றன. அவரிடம் நீள்வட்ட அச்சு இல்லை. இவர் கையின் அளவுக்குத் தேக்கில் ஒன்றைச் செதுக்கிக்கொண்டார்.

அடுத்த மாதிரி மெல்லிய செம்புத் தகட்டில். அதைப் பதிப்பாளர் அலுவலகத்தில் சில நாள் அணிந்து தட்டச்சு செய்தார், பார்சல் கட்டினார், கையெழுத்திட்டார். இரு திருத்தங்கள் வந்தன. வாய் 2.5 செ.மீ போதாது, கழற்றும்போது எலும்பில் உரசுகிறது, 3 செ.மீ ஆக்கினோம். முனைகளை அரத்தால் ராவி மழுக்கினால் மட்டும் போதாது, உருட்டிவிட வேண்டும். அப்போதுதான் மேட் அட்டையில் தடம் விழாது. அதே கறுப்பு அட்டையின் மேல் மாதிரியை இழுத்துப் பார்த்தே தேர்ச்சி கொடுத்தோம்.

வெள்ளி வேலையை நான் அருகிலிருந்து பார்த்தேன். 1.2 மி.மீ தகடு. ஊதுகுழல் நெருப்பில் காய்ச்சி, மங்கலான செந்நிறம் வந்ததும் எடுத்து நீரில் அமிழ்த்தினார். அதன் பிறகு தகடு துணி போல வளைந்தது. தேக்கு அச்சின் மேல் வைத்துக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) தட்டத் தட்ட மறுபடி இறுகியது. இறுகினால் மீண்டும் நெருப்பு. இரும்புச் சுத்தியல் தொட்டால் பள்ளம் விழும், மரம்தான் வளைக்கும் என்றார். பழைய பித்தளைக் காப்பிலிருந்து ஒரே ஒரு அம்சத்தை எடுத்துக்கொண்டோம்: குறுக்கே சாய்வாக ஓடும் மடிப்பு. அதைத் தகட்டின் நடுவில் ஒரு மேடாக எழுப்பினார். அழகுக்குக் கேட்டதுதான், ஆனால் அந்த மேடு தகட்டுக்கு முதுகெலும்பாகிவிட்டது; இல்லாவிட்டால் 1.2 மி.மீ போதாது, இன்னும் தடிமன் வேண்டியிருக்கும், எடை கூடியிருக்கும் என்றார். கடைசி எடை 52 கிராம். பித்தளைக் காப்பில் பாதிக்கும் குறைவு.

மெருகில் மட்டும் கருத்து வேறுபாடு. கண்ணாடி போலத் தேய்த்துத் தருவதே தம் வேலையின் மரியாதை என்று ஆசாரி நினைத்தார். மேடை விளக்கின் கீழ் அப்படிப்பட்ட பரப்பு காமிராவில் வெறும் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். மடிப்பின் நிழல் அழிந்துவிடும். பரப்பை மங்கலாகவும் மேட்டின் உச்சியை மட்டும் பளபளப்பாகவும் விடச் சொன்னோம். மனமில்லாமல் செய்து கொடுத்தார். படத்தைப் பார்த்த பிறகு ஒப்புக்கொண்டார்.

சேலையும் சட்டையும்

அவர் கேட்டு வந்த கேள்விக்கு நாங்கள் வந்து சேர்ந்தது இப்போதுதான், அதற்கான விடையும் சிறியதே. ரவிக்கைக் கை முழங்கைக்கு நான்கு விரற்கடை மேலே நிற்க வேண்டும். முக்கால் கை ரவிக்கை முன்கையைப் பாதி விழுங்கிவிடுகிறது. துணி முடியும் இடமும் உலோகம் தொடங்கும் இடமும் நெருங்கினால் கை குட்டையாகத் தெரியும். முந்தானையை மடிப்பு வைத்துத் தோளில் குத்துவது. உடல் பகுதியில் வெறும் நிறமுள்ள சேலைகள் நன்றாக இருந்தன. காரைக்குடிக் கண்டாங்கியை அவர் விடமாட்டார். அதன் கட்டங்களோடு காப்பின் மடிப்பு மோதும் என்று எதிர்பார்த்தேன். கடுகு மஞ்சளும் அரக்குமான கண்டாங்கியில் அது மோதத்தான் செய்தது, ஆனால் கெடுக்கவில்லை. பெரிய கட்டத்துக்கு நடுவே ஒரு திடமான பொருள் நிற்பது கண்ணுக்கு ஓய்விடம் போலிருந்தது. சிறு கட்டங்கள்தான் ஒத்துவரவில்லை. சரிகைக் கரையும் வெள்ளியும் சேருமா என்று பலர் கேட்கிறார்கள். மூன்று முழத்துக்கு அப்பால் நின்று பார்த்தால் யாருக்கும் அது உறுத்துவதில்லை.

புழக்கத்தில் கண்டது

"எப்போதும் இதையே போட்டால் வேறில்லை என்று நினைக்கமாட்டார்களா?" என்று ஒருமுறை கேட்டார். நினைக்கட்டும் என்றேன். நான்சி கூனார்டு என்ற ஆங்கிலேயப் பெண்மணி முழங்கைவரை தடித்த வளையல்களை அடுக்கி, 1926-இல் மான் ரே எடுத்த படத்தில் அப்படியே நிலைத்துவிட்டார். பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் கோகோ சனேல், நகை வடிவமைப்பாளர் வெர்தூரா செய்து கொடுத்த சிலுவைக் காப்புகளைக் கைக்கொன்றாக அணிந்தார். நம் ஊரில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் இரட்டை மூக்குத்தி. இவற்றில் எதுவும் மாற்றி மாற்றி அணிந்து பெயர் பெற்றதல்ல.

புத்தகக் காட்சி முழுவதும் அணிந்தார். மின்விசிறிக்கடியில், தூசியில், பார்சல் பிரிக்கும் அவசரத்தில் காப்பு கழலவில்லை, சுற்றவில்லை, எந்த அட்டையையும் கீறவில்லை. அடுத்த சில மாதங்களில் அவரைப் பற்றி வெளியான படங்களில் பெரும்பாலானவற்றில் ஒலிவாங்கியும் காப்பும் முகமும் ஒன்றாகவே இருக்கின்றன. அவர் சொன்ன நிறைவு வேறு: கையில் அது இருப்பதை மறந்துவிட்டேன் என்றார்.

சிக்கல்களும் வந்தன. காட்சி முடிந்த வாரத்தில் காப்பு திடீரென்று கறுத்துப்போனது. அதுவும் பட்டை பட்டையாக. வெள்ளி கறுக்கும், ஆனால் இவ்வளவு விரைவாக, இவ்வளவு ஒழுங்கான கோடுகளாக அல்ல. அலுவலகத்தில் காப்பைக் கழற்றி எங்கே வைப்பார் என்று போய்ப் பார்த்தால், பில் புத்தகமும் ரப்பர் பேண்டுகளும் கிடக்கும் மேசை இழுப்பறை. ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைத் தின்றிருந்தது. ரப்பர் வளையம் படிந்து கிடந்த இடமெல்லாம் கறுப்புக் கோடு. கட்டு கட்டாகப் புத்தகம் அனுப்பும் இடத்தில் ரப்பர் பேண்டு இல்லாத இழுப்பறை ஏது? மூடிய நெகிழிப் பை ஒன்றைக் கைப்பைக்குள் வைத்தோம். கழற்றினால் அதற்குள் மட்டும். கறுப்பை ஆசாரி மென்மையாகத் தேய்த்து எடுத்தார். மடிப்பின் பள்ளத்தில் தங்கியதை எடுக்க வேண்டாம் என்று நிறுத்தினேன். அது வடிவத்தை முன்பைவிட நன்றாக எடுத்துக் காட்டியது.

மற்றொன்று பொருள் சார்ந்ததல்ல. அவர் பதிப்பித்த மூத்த எழுத்தாளர் ஒருவர் மறைந்தார். இரங்கல் கூட்டத்துக்கு, அணிகலன் வேண்டாமே என்று காப்பைக் கழற்றிவிட்டுப் போனார். அங்கே இரண்டு மூன்று பேர் அருகில் வந்து, காப்பு தொலைந்துவிட்டதா என்று விசாரித்தார்கள். துக்கத்துக்கு நடுவே அந்தப் பேச்சு அவரைச் சங்கடப்படுத்தியது. ஒன்று அடையாளமாகிவிட்டால் அதன் இன்மையும் கவனிக்கப்படும் என்பதை நாங்கள் முன்கூட்டிப் பேசியிருக்கவில்லை. அடுத்து வந்த இரங்கல் கூட்டத்துக்கு அணிந்தே போனார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அச்சகத்துக்குப் போகும்போது மட்டும் கழற்றியே ஆக வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். ஓடும் இயந்திரத்தின் உருளைக்கு அருகே கையில் இறுகிய உலோகம் இருக்கக்கூடாது. ஸ்கேன் எடுக்கும் அறைக்கும் இதே விதி. இவற்றில் சமரசம் இல்லை.

மறுமுறை செய்தால் மாற்ற வேண்டியவை

அட்டை மாதிரி, செம்பு மாதிரி என்ற வரிசை நன்றாக வேலை செய்தது; அதை மாற்ற மாட்டேன். ஆனால் மணிக்கட்டைக் காலை, மாலை இருவேளையும் அளந்திருக்க வேண்டும். மார்கழியில் எடுத்த அளவு சித்திரையில் பொய்யாகிறது. வெயிலில் நின்றுவிட்டு வரும் நாட்களில் இவர் கை சற்று வீங்குகிறது; அப்போது நீள்வட்டம் நெருக்குகிறது. கழற்றி வைக்கும் இடத்தை, காப்பை அளவெடுக்கும்போதே சேர்த்து விசாரிக்க வேண்டும். எந்தெந்தக் கூட்டங்களுக்கு அணிவது, எதற்கு அணியாமல் போவது என்பதையும் அணியத் தொடங்குவதற்கு முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

வீட்டாரை முதல் கூட்டத்திலேயே அழைத்துப் பேசியிருந்தால் நாட்கள் மிச்சமாகியிருக்கும். அந்த ஒற்றைத் தங்க வளையல் இடக்கையில் வந்தது மாமியாரின் பிடிவாதத்தால்தான். இப்போது படங்களைப் பார்க்கும்போது அது இல்லாமல் வலக்கைக் காப்பு இவ்வளவு எடுப்பாக இருந்திருக்காது என்று தோன்றுகிறது.

பதிப்பகத்தின் இளைய ஆசிரியர் ஒருவர் தமக்கும் இதே போல ஒன்று வேண்டும் என்று ஆசாரியிடம் கேட்டிருக்கிறார். ஆசாரி, என்னைக் கேட்கும்படி சொல்லி அனுப்பினார். அந்தப் பெண் இடக்கைப் பழக்கம் உள்ளவர், சுடிதார் அணிபவர், மேடையேறாதவர்; மெய்ப்புத் திருத்துவது முழுநேர வேலை. நாள் முழுக்கக் காகிதத்தில் உரசும் கைக்கு முன்கையின் மேற்பகுதியில் நிற்கும் கம்பிக் காப்புதான் ஆகும் என்று சொல்லியிருக்கிறேன். வெட்டிப் பார்க்க அட்டையும் கொடுத்தனுப்பியாயிற்று.

பதிப்பாளரின் காப்பை வெயில் காலத்துக்காக இரண்டு மில்லிமீட்டர் தளர்த்துவதா, அப்படியே விடுவதா என்பது இன்னும் முடிவாகவில்லை. தளர்த்தினால் குளிர்நாளில் சுற்றக்கூடும். ஒவ்வொரு பருவத்துக்கும் வளைத்து நிமிர்த்துவதை ஆசாரி ஏற்கவில்லை. அப்படிச் செய்தால் ஐந்தாறு ஆண்டில் மேட்டின் ஓரத்தில் வெடித்துவிடும் என்கிறார். தேக்கு அச்சு அவரிடமே இருக்கிறது. வெயில் தணிந்த பிறகு கையை மறுபடி அளந்து பார்த்துத் தீர்மானிக்கப் போகிறோம்.